"எங்கடை ஆள்தானே, பில் எதுக்கு?" – ஒன்ராறியோவில் கார் திருத்தக் கொடுக்கும்போது நாம் கேட்க வேண்டியவை

காரின் முன்பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்கத் தொடங்குகிறது. உடனே நாம் மச்சானுக்கோ, வேலையிடத்து நண்பருக்கோ போன் எடுக்கிறோம். "ஆரும் நல்ல கராஜ் தெரியுமோ?" பதில் உடனேயே வரும். "எங்கடை ஆள் ஒருத்தர் இருக்கிறார். நல்ல மனுசன். என்ரை பேரைச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை காலை காரைக் கொண்டுபோய் விடுகிறோம். "அண்ணை, எவ்வளவு வரும்?" என்று கேட்டால், "முதல் கழட்டிப் பாப்பம் தம்பி, கூட எடுக்கமாட்டன்" என்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். என்ன திருத்தப் போகிறார், எவ்வளவு எடுக்கப் போகிறார் என்று எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. பின்னேரம் காசைக் கொடுத்துக் காரை எடுக்கும்போதும் ஒரு தாள் இல்லை. "எங்கடை ஆள்தானே, பில் எதுக்கு?"

பெரும்பாலான நாட்களில் இது நல்லபடியாகவே முடிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்காபுரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் எமது பிள்ளைகளின் உயிரை நம்பி ஒப்படைக்கக்கூடிய, கைதேர்ந்த தமிழ் மெக்கானிக்மார் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைக் குறை சொல்வதற்கு அல்ல. ஆனால் ஏதாவது பிழைத்துப் போகும் நாளில் எம் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. எம்மில் பலருக்கு அன்று கையில் ஒன்றும் இருப்பதில்லை.

எமக்கு நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டுக் காரின் முன் பிறேக் பாட்களையும் றோட்டர்களையும் மாற்றினோம். தெரிந்தவர் மூலமாகப் போன இடம். 550 டொலர் காசாகக் கொடுத்தோம், பில் வாங்கவில்லை. ஐந்து வாரம் கழித்து 401 நெடுஞ்சாலையில் பிறேக்கை அழுத்தியபோது ஸ்டியரிங் கைகளில் நடுங்கியது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

திரும்பவும் அங்கேயே போனோம். "அது பிறேக் இல்லை, ரை ரொட் தேஞ்சிருக்கு" என்றார் உரிமையாளர். மேலும் 380 டொலர் கொடுத்தோம். நடுக்கம் போகவில்லை. கடைசியில் வேறொரு திருத்தகத்தில் சில்லைக் கழற்றி அளந்து பார்த்தார்கள். ஒரு பக்கத்துக் கலிப்பர் ஊசி இறுகிப்போய், பிறேக் விடுபடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பாட் மாற்றும்போது சுத்தம் செய்து கிறீஸ் பூச வேண்டிய இடம் அது. அந்த வேலை செய்யப்படவில்லை.

சட்டப்படி பார்த்தால் அந்தத் திருத்தத்துக்கு இன்னமும் உத்தரவாதக் காலம் இருந்தது. ஆனால் அந்த வேலையை அங்கேதான் செய்தோம் என்பதற்கு எம்மிடம் ஓர் ஆதாரமும் இல்லை. அதைவிடப் பெரிய தடை வேறொன்று. அவரைக் கோயிலில் காண்போம், கலியாண வீட்டில் காண்போம். கேட்க வாய் வரவில்லை. பிழையில் பாதி அவருடையது என்றால் மீதிப் பாதி எம்முடையது.

ஊரில் இருந்த நம்பிக்கை

ஊரில் நாம் கராஜுக்குப் போனபோது யாரும் எழுதிக் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மெக்கானிக்கின் வீடு எங்கே, தகப்பன் யார், யாரிடம் தொழில் பழகினார் என்பது ஊருக்கே தெரியும். வேலை பிழைத்தால் அடுத்த நாள் சந்தியில் வைத்துக் கேட்கலாம். அவருடைய பெயரே அவரின் பில்லாக இருந்தது. காரும் வேறு விதமானது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜோ மொறிஸ் மைனரோ, மூடியைத் திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்து பார்க்கலாம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலுக்குச் செய்த காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எமது மெக்கானிக்மார். சின்னப் போத்திலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கைத்திறனை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. "எங்கடை ஆள்" என்ற எமது நம்பிக்கைக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அது வெறும் இனப்பற்று மட்டுமல்ல.

ஆனால் இங்கே அந்த நம்பிக்கையைத் தாங்கிய கால்கள் இல்லை. கராஜ்காரர் எமக்குப் பக்கத்து வீடு அல்ல. கடை கைமாறினாலும் பெயர்ப்பலகை மாறாமல் இருக்கலாம். நாம் போன அன்று வேலை செய்தவர் அடுத்த மாதம் அங்கே இல்லாமலும் போகலாம். காரும் மாறிவிட்டது, மூடியைத் திறந்தால் பிளாஸ்ரிக் உறைதான் தெரிகிறது. ஊரில் சந்தி செய்த வேலையை இங்கே தாள்தான் செய்ய வேண்டும்.

யாரும் பரிசோதிக்காத கார்

ஒன்ராறியோவில் வாழும் எமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இலண்டனில் இருக்கும் உறவினரின் கார் மூன்று வயதைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும் எம்.ஓ.ரி. பரிசோதனைக்குப் போக வேண்டும். பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. ஜேர்மனியில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையும். பிறேக்கோ ரயரோ பழுதென்றால் அங்கே பிடிபட்டுவிடும்.

ஒன்ராறியோவில் சொந்தப் பாவனைக் காருக்கு அப்படி ஒரு காலமுறைப் பாதுகாப்புப் பரிசோதனை இல்லை. புகையைச் சோதித்த 'டிறைவ் கிளீன்' திட்டமும் 2019 இல் நிறுத்தப்பட்டது. காரை வாங்கி விற்கும்போது எடுக்கும் 'சேஃப்ரி' சான்றிதழ் மட்டுமே உண்டு. அதுவும் பரிசோதித்த அன்று அந்தக் கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்றுதான் சொல்கிறது. 36 நாட்களுக்கு மட்டுமே அது செல்லும். அது உத்தரவாதம் அல்ல. "சேஃப்ரியோடை தாறன்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பழைய கார் வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். விற்பவர் காட்டும் சான்றிதழ் இருந்தாலும், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துக் காரை ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது.

குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு பிறேக் குழாயையும் அடித்தட்டையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. பத்து ஆண்டு ஓடிய காரின் அடியை யார் பார்க்கிறார்கள்? நீங்கள் ஒயில் மாற்றக் கொடுக்கும் மெக்கானிக் மட்டும்தான். அவருடைய கண்ணும் நேர்மையும் தவிர வேறு காவல் இல்லை.

சட்டம் எமக்குத் தந்திருப்பவை

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்தத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. அது தமிழ்க் கராஜுக்கும் பெரிய டீலருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

முதலாவது, எழுத்தில் மதிப்பீடு. வேலை தொடங்குமுன் என்ன திருத்தம், என்ன உதிரிப்பாகம், எவ்வளவு கூலி என்று எழுதித் தர வேண்டும். மதிப்பீடு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், "இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு உச்சத் தொகையை நீங்கள் அனுமதித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் செய்த வேலைக்குப் பணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. மதிப்பீடு செய்வதற்கே கட்டணம் எடுப்பதென்றால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த வேலையை அங்கேயே செய்யக் கொடுத்தால் மதிப்பீட்டுக் கட்டணத்தைப் பொதுவாகத் தனியாக எடுக்க முடியாது.

இரண்டாவது, 10 வீதம். கடைசிப் பில் மதிப்பீட்டைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. 600 டொலர் என்று எழுதினால் 660 தான் எல்லை. காரைக் கழற்றிய பின் வேறு பழுது தெரிந்தால், உங்களை அழைத்துக் கேட்டு, உங்கள் அனுமதியைப் பெற்ற பின்புதான் அதைச் செய்யலாம். போனில் அனுமதி கொடுத்தால் யார், எந்த நாள், எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று அவர் குறித்துவைக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய சாமான். கழற்றிய உதிரிப்பாகங்களைத் திருப்பித் தர அவர் முன்வர வேண்டும். உத்தரவாதத்தில் மாற்றியவையும், பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் முறையில் மாற்றியவையும் இதற்கு விலக்கு. "பழைய பாட்டை ஒருக்கால் காட்டுங்கோ அண்ணை" என்று கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல மெக்கானிக் கேட்குமுன்னரே கொண்டுவந்து காட்டுவார். தான் செய்த வேலையைக் காட்ட அவருக்கும் ஆசை இருக்கும்.

நான்காவது, விபரமான பில். எந்த உதிரிப்பாகம், அது புதியதா, பாவித்ததா, புதுப்பித்ததா, கூலி எவ்வளவு, கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது என்பவை அதில் இருக்க வேண்டும். "பிறேக் வேலை – 550" என்ற ஒற்றை வரி பில் ஆகாது.

ஐந்தாவது, உத்தரவாதம். புதிய அல்லது புதுப்பித்த உதிரிப்பாகங்களுக்கும், அவற்றைப் பூட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை, சட்டப்படியே உத்தரவாதம் உண்டு. "நாங்கள் உத்தரவாதம் குடுக்கிறேல்லை" என்று சொல்லி இதை யாரும் நீக்க முடியாது. ரயர், பற்றறி, பில்ரர், மின்குமிழ், ஒயில் போன்ற திரவங்கள் இதில் அடங்கா. பாவித்த சாமானும் அடங்காது. எனவே பழைய கார் முற்றத்தில் இருந்து எடுத்த எஞ்சினையோ கியர் பொக்ஸையோ பூட்டுவதென்றால், எத்தனை நாள் பொறுப்பு என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

காசாகக் கொடுத்தால் என்ன இலாபம்?

இனி எமது சமூகத்தில் யாரும் வெளிப்படையாகப் பேசாத இடத்துக்கு வருவோம். "காசெண்டால் ரக்ஸ் இல்லை." ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம். 800 டொலர் வேலையில் 104 டொலர் மிச்சம். மாதக் கடைசியில் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல.

ஆனால் அந்த 104 டொலருக்கு நாம் விற்பது எதை? மேலே சொன்ன ஐந்து உரிமைகளும் எமக்கு இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அவற்றை நிரூபிக்கும் ஒரே வழியை நாமே கைவிட்டுவிடுகிறோம். காரை விற்கும்போது காட்டத் திருத்தப் பதிவு இல்லை. உற்பத்தியாளரின் உத்தரவாதத்தில் சிக்கல் வந்தால், ஒயில் ஒழுங்காக மாற்றியதற்கு அத்தாட்சி இல்லை. விபத்து நடந்தால், பிறேக் எப்போது செய்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இதில் இன்னொருவருக்கும் இழப்பு உண்டு. ஒழுங்காகப் பில் எழுதி, வரி கட்டி, தகைமை பெற்ற ஆட்களுக்குச் சரியான சம்பளம் கொடுக்கும் தமிழ்க் கராஜ்காரர் "விலை கூடினவர்" ஆகிவிடுகிறார். பக்கத்தில் வரியும் இல்லாமல், நேற்று வந்து இறங்கிய பொடியனை மணிக்கு ஏதோ ஒரு தொகைக்கு வைத்து வேலை வாங்குபவர் "நல்ல மனுசன்" ஆகிறார். அந்தப் பொடியன் ஊரில் கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்திருக்கலாம். கையில் தாள் இல்லாத காரணத்தால் அவனுடைய உழைப்பும் தாள் இல்லாமலே போகிறது. கை நசுங்கினால் அவனுக்கும் கேட்க வாய் வராது.

ஒன்ராறியோவில் கார் திருத்தும் தொழில் சான்றிதழ் கட்டாயமான தொழில். அந்தத் தொழிலின் குறியீடு 310எஸ். ஒருவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை 'ஸ்கில்ட் ரேட்ஸ் ஒன்ராறியோ' அமைப்பின் பொதுப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஊரிலோ வேறு நாட்டிலோ வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் அதே அமைப்பிடம் தமது அனுபவத்தை மதிப்பிடக் கொடுத்து, பரீட்சை எழுதலாம். 70 வீதம் எடுத்தால் சித்தி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்தச் செய்தி அவருக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும்.

சத்தத்தைத் தமிழில் சொல்லலாம்

தமிழ்க் கராஜுக்குப் போவதில் ஒரு உண்மையான நன்மை உண்டு. காரின் சத்தத்தை எமது மொழியில் சொல்லலாம். டீலரின் மேசையில் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துவிட்டு நிற்கும் பெற்றோருக்கு இதன் அருமை தெரியும். "கார் சத்தம் போடுது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எங்கே, எப்படி என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

பிறேக் பிடிக்கும்போது 'கிறீச்' என்றால், பாட் தேய்ந்து அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு உரசுவதாக இருக்கலாம். அதுவே 'கறகற' என்று மாறினால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன, அன்றைக்கே நிறுத்த வேண்டும். வேகம் கூடக்கூட 'உர்ர்' என்ற இரைச்சலும் கூடினால் சில்லின் பெயரிங் அல்லது ரயர். முழுதாகத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் சி.வி. ஜொயின்ற். குழியில் விழும்போது 'டொக்' என்றால் ஸ்டபிலைசர் லிங்க் அல்லது போல் ஜொயின்ற். இவற்றில் போல் ஜொயின்ற் கழன்றால் சில்லே மடிந்துவிடும். அதைத் தள்ளிப்போடக்கூடாது.

எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கானர் ஒரு இலக்கத்தைக் காட்டும். அந்த இலக்கம் பிழை எந்தப் பகுதியில் என்று சொல்கிறதே தவிர, எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. உதாரணமாக பி0420 என்று வந்தால் உடனே கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை மாற்றச் சொல்வார்கள், பெரிய செலவு அது. புகைக்குழாயில் ஒரு கசிவோ, பழுதான சென்சரோகூட அதே இலக்கத்தைக் கொண்டுவரலாம். "வேற என்ன சோதிச்சுப் பாத்தனீங்கள்?" என்று கேளுங்கள்.

பிறேக் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீற்றர் மிச்சம் என்று கேளுங்கள். புதிய பாட் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்தால் மாற்றும் காலம். 6 மில்லிமீற்றர் இருக்கும்போது "உடனே மாத்தவேணும்" என்றால் யோசியுங்கள். ஒவ்வொரு ஒயில் மாற்றத்தோடும் அந்தக் கழுவல் இந்தக் கழுவல் என்று சேர்த்துச் சொன்னால், காரோடு வந்த கையேட்டைத் திறந்து எத்தனை கிலோமீற்றரில் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

பாவித்த ரயர் வாங்குபவர்கள் அதன் பக்கத்தில் உள்ள டி.ஓ.ரி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. வடு ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். ரயர் மாற்றிய பின் நூறு கிலோமீற்றர் அளவில் சில்லின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கின் பக்கத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் முடித்த வேலைக்கு ஒன்றரை மணிக் கூலி போட்டார் என்று சிலர் கோபிப்பதுண்டு. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று இத்தொழிலில் ஓர் அட்டவணை உண்டு. அதன்படி மதிப்பீட்டில் எழுதியிருந்தால் அது ஏமாற்று அல்ல. துருப்பிடித்த ஒரு போல்ட் உடைந்து மூன்று மணி இழுபட்டாலும் பலர் அதே தொகைக்குத்தான் செய்து தருகிறார்கள். சாமானை இணையத்தில் வாங்கிக்கொண்டு போய் "பூட்டித் தாங்கோ" என்று கேட்டால், அந்தச் சாமான் பிழைத்தால் அவர் பொறுப்பேற்கமாட்டார் என்பதையும் நாம் ஏற்க வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில்

எமது சனம் அதிகம் ஏமாறுவது பதற்றத்தில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அழைக்காமலே ஒரு இழுவை வாகனம் வந்து நிற்கும். "எங்கடை கராஜுக்குக் கொண்டுபோறன், எல்லாம் காப்புறுதி பாக்கும்" என்பார்கள். ரொறன்ரோ பெரும்பாகத்தில் இந்தத் தொழிலுக்குள் வன்முறைக் கும்பல்கள் புகுந்திருந்ததை 2020 இல் யோர்க் பிராந்தியப் பொலிசார் நடத்திய 'புரொஜெக்ட் பிளாட்டினம்' விசாரணை வெளிக்கொண்டுவந்தது. அதன் பின்னர் சட்டம் இறுக்கப்பட்டது. 2024 ஜனவரி முதல் இழுவை நிறுவனங்களுக்கு மாகாணச் சான்றிதழ் வேண்டும்.

கார் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள். இழுக்குமுன் உங்கள் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும். காசுதான் வேண்டும் என்று நிற்க முடியாது, கார்ட்டையும் ஏற்க வேண்டும். 401, 400, 427 போன்ற நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில் மாகாணம் அனுமதித்த நிறுவனம் மட்டுமே இழுக்கலாம். வாசிக்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். முதலில் காப்புறுதி நிறுவனத்துக்கு அழையுங்கள். அவர்கள் ஒரு கராஜைப் பரிந்துரைக்கலாம், ஆனால் தெரிவு உங்களுடையது. "உங்கடை டிடக்ரபிளையும் சேர்த்துப் பில்லிலை போடுறன்" என்று யாராவது சொன்னால் அது உதவி அல்ல. அது காப்புறுதி மோசடி, உங்கள் பெயரும் அதில் இருக்கும். எமது காப்புறுதிக் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று புலம்பும்போது இதையும் நினைக்க வேண்டும்.

பிழைத்துப் போனால்

முதலில் நேரில் போய் மரியாதையாகப் பேசுங்கள். அனேகமானவை அங்கேயே தீரும். தீராவிட்டால் நடந்ததை எழுதி, பில்லின் பிரதியோடு அனுப்புங்கள். ஒரு குறுஞ்செய்தியும் எழுத்துத்தான். இன்னொரு திருத்தகத்தில் காட்டினால் அவர்கள் கண்டதையும் எழுதி வாங்குங்கள். அடுத்தபடியாக ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடம் முறையிடலாம். கடைசி வழி சிறு கோரிக்கை நீதிமன்றம். அதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக் கால எல்லை உண்டு.

ஒன்றில் மட்டும் கவனம். பணம் தரவில்லை என்றால் காரைத் தடுத்துவைக்கும் உரிமை கராஜுக்கு உண்டு. சண்டை பிடித்தோ மாற்றுச் சாவியைக் கொண்டுபோயோ எடுக்கக்கூடாது. கேட்கும் தொகையை நீதிமன்றத்தில் வைப்பிலிட்டுக் காரை மீட்டுக்கொண்டு, பிறகு வழக்காடச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அடுத்த தடவை

எமது பெற்றோர் பலர் எழுத்தைக் கண்டால் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பதிவு, விபரம், கையெழுத்து என்பவை எமக்கு எப்போதும் சோதனைச்சாவடியையும் அலுவலக வரிசையையும்தான் நினைவூட்டின. தாள் என்பது எமக்கு எதிராகப் பாவிக்கப்படுவது என்றே வளர்ந்தோம். இங்கே வந்தும் அகதிக் கோரிக்கைத் தாள்களோடு ஆண்டுக்கணக்கில் அலைந்தோம். ஆனால் கராஜில் கேட்டு வாங்கும் இந்தத் தாள் எம் பக்கம் நிற்பது.

மற்றத் திருத்தகத்தில் சில்லை அளந்து பார்த்தவரும் தமிழர்தான். வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி, "வாசிச்சுப் பாத்திட்டுச் சைன் வையுங்கோ" என்று நீட்டினார். "எங்கடை ஆக்கள்தானே அண்ணை, இதெல்லாம் ஏன்?" என்று பழக்கதோசத்தில் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. "எங்கடை ஆக்கள் எண்டதாலைதான் எழுதுறன். நாளைக்கு உங்களைக் கோயிலிலை கண்டால் முகம் பாத்துக் கதைக்கவேணும்" என்றார்.

நாங்கள் இன்றும் அங்கேதான் போகிறோம். ஒவ்வொரு பில்லும் காரின் கையேட்டோடு ஒரு உறையில் இருக்கிறது.